ஆனந்தை கம்ப்யூட்டர் ஜெயிச்சதா? ஒரு டாக்டரின் செஸ் த்ரெட்

1/
1998 ஜூலை. இத்தாலியில் இஸ்கியா என்ற தீவு. நம்ம விஸ்வநாதன் ஆனந்த், ரெபெல் 10 என்ற செஸ் மென்பொருளோடு 8 ஆட்டம் ஆடினார். அன்றைக்கு உலகத் தரவரிசையில் முதல் மூன்று பேரில் ஒருவர் அவர். முடிவு: ரெபெல் 5, ஆனந்த் 3.

"கம்ப்யூட்டர் ஆனந்தை ஜெயிச்சிடுச்சு." இது பொய்யா? இல்லை. முழு உண்மையா? அதுவும் இல்லை. எப்படின்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/
அந்த 8 ஆட்டமும் ஒரே மாதிரி ஆட்டம் இல்லை.

4 ஆட்டம், ஆளுக்கு ஐந்தே நிமிடம் கொடுக்கும் பிளிட்ஸ் வகை. இதில் ரெபெல் 3–1.
2 ஆட்டம், 15 நிமிட வகை. ரெபெல் 1½–½.
2 ஆட்டம், மணிக்கணக்கில் யோசித்து ஆடும் முழு நேர ஆட்டம். இதில் ஆனந்த் 1½–½.

யோசிக்க நேரம் கொடுத்தபோது ஜெயித்தது மனிதர். அவசரப்படுத்தியபோது ஜெயித்தது மெஷின்.

3/
இப்போ ஒரு சின்னக் கணக்கு. எட்டில் பாதி பிளிட்ஸ் என்பதை மாற்றி, பாதி முழு நேர ஆட்டம் என்று வைப்போம். அதாவது முழு நேரம் 4, 15 நிமிடம் 2, பிளிட்ஸ் 2. ஒவ்வொரு வகையிலும் அவரவர் அதே விகிதத்தில் ஜெயித்தால்?

ஆனந்த் 3 + ½ + ½ = 4. ரெபெல் 1 + 1½ + 1½ = 4.

ஆள் அதே ஆள், மெஷின் அதே மெஷின். 5–3 என்பது 4–4 ஆகிடுச்சு. மாறினது எதை எத்தனை ஆட்டம் ஆடணும்னு எடுத்த முடிவு மட்டும்தான். எட்டே ஆட்டத்தை வைத்து யார் பெரியவர்னு தீர்ப்பு சொல்ல முடியாது என்பது வேற விஷயம்.

4/
இங்கே யாரும் ஏமாற்றவில்லை. எந்த வகையில் என்ன ஸ்கோர் என்பது அன்றே வெளிவந்த தகவல். ஆனா மென்பொருள் என்பது கடையில் விற்கிற பொருள். மக்கள் மனசில் தங்கினது "5–3, ஆனந்த் தோத்தார்" என்ற ஒற்றை வரி.

"செஸ்ஸுக்கும் உங்களுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"னு கேட்கலாம். இருக்கு, அதுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி இன்னும் நாலு போட்டிகளைப் பார்த்துடலாம். எல்லாத்துலயும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கப் போறோம்: யாரை, யார் தேர்ந்தெடுத்தது?

5/
1994, லண்டன். இன்டெல் கம்பெனி ஸ்பான்சர் செய்த அதிவேகப் போட்டி, ஆளுக்கு 25 நிமிடம். அதில் கிராண்ட்மாஸ்டர்களோடு ஒரு கம்ப்யூட்டரும் போட்டியாளர். ரிச்சர்ட் லாங் எழுதிய செஸ் ஜீனியஸ் மென்பொருள், ஓடியது இன்டெலின் பென்டியம் சிப்பில். அன்றைக்கு இன்டெல் உலகம் முழுக்க விளம்பரம் செய்து விற்றுக்கொண்டிருந்த அதே பென்டியம்.

முதல் சுற்றிலேயே காஸ்பரோவ் அதனிடம் தோற்று வெளியேறினார். உலகமே அதைப் பேசியது.

அதே போட்டியின் அரையிறுதியில் அந்த மெஷினை வெளியே அனுப்பியது யார் தெரியுமா? நம்ம சென்னை ஆனந்த். இது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

6/
அடுத்து எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 1996 பிப்ரவரி, பிலடெல்பியா. காஸ்பரோவ் 4, ஐ.பி.எம்.மின் டீப் ப்ளூ 2. ஒரு வருஷம் கழித்து, 1997 மே, நியூயார்க்கில் மறுபோட்டி. டீப் ப்ளூ 3½, காஸ்பரோவ் 2½. கடைசி ஆட்டம் 19 நகர்த்தலில் முடிந்துவிட்டது.

வினாடிக்கு சுமார் 20 கோடி நிலைகளைப் பார்க்கும் மெஷின். பொறியியல் சாதனை, அதில் சந்தேகமே வேண்டாம். நான் பேச வந்தது அந்தப் போட்டி எப்படி அமைக்கப்பட்டது என்பதை.

7/
மெஷினைக் கட்டியது ஐ.பி.எம். போட்டியை நடத்தியது ஐ.பி.எம். ஜெயித்தவருக்கு 7 லட்சம் டாலர், தோற்றவருக்கு 4 லட்சம் டாலர் என்று பரிசுப் பணம் போட்டதும் ஐ.பி.எம்.

காஸ்பரோவ் ஆடிய ஆட்டமெல்லாம் புத்தகத்தில் இருக்கு. ஐ.பி.எம். குழுவில் கிராண்ட்மாஸ்டர்கள் இருந்தாங்க, அவர் ஆட்டத்தைப் படிச்சாங்க. 1997 டீப் ப்ளூ பயிற்சியில் ஆடின ஆட்டங்கள் காஸ்பரோவுக்குக் கொடுக்கப்படலை. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மெஷினில் திருத்தம் செய்யவும் விதி அனுமதித்தது.

8/
தோற்ற பிறகு காஸ்பரோவ் இன்னொரு போட்டி கேட்டார். ஐ.பி.எம். ஒத்துக்கலை. டீப் ப்ளூ அதற்குப் பிறகு போட்டியே ஆடவில்லை. அதன் இரண்டு அலமாரிகள் இன்றைக்கு அமெரிக்காவில் இரண்டு அருங்காட்சியகங்களில் நிற்குது.

மருத்துவத்தில் ஒரு ஆய்வு ஒரே ஒரு தடவை ஜெயித்து, "மறுபடி செய்து காட்டுங்க"ன்னா "மருந்தை மியூசியத்தில் வெச்சிட்டோம்"னு சொன்னா நாங்க ஒத்துக்க மாட்டோம். ஆனா ஐ.பி.எம்.முக்கு வேண்டியது அந்தத் தலைப்புச் செய்தி. அது கிடைச்சாச்சு. மறுபடி ஆடி அதை ஏன் பணயம் வைக்கணும்? வியாபாரக் கணக்குப்படி அவங்க செய்தது சரிதான். அறிவியல் கணக்குதான் பாதியில் நின்றுபோச்சு.

9/
மூணாவது கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2002 அக்டோபர், பஹ்ரைன். விளாடிமிர் கிராம்னிக், டீப் ஃப்ரிட்ஸ், 8 ஆட்டம். "உலக சாம்பியன், உலகின் சிறந்த கம்ப்யூட்டர்" என்ற தோரணை. முடிவு 4–4.

இப்போ நம்ம கேள்வி: இந்த இரண்டு பேரையும் யார் தேர்ந்தெடுத்தது?

10/
மெஷின் பக்கம் முதலில். 2001 ஏப்ரலில் ஸ்பெயினின் கடாகேஸ் ஊரில் தகுதிப் போட்டி. ஆடியது இரண்டே மென்பொருள்கள்: டீப் ஃப்ரிட்ஸ், டீப் ஜூனியர். இரண்டையும் விற்றது ஒரே நிறுவனம், ஜெர்மனியின் செஸ்பேஸ். அப்போதைய கம்ப்யூட்டர் செஸ் உலக சாம்பியன் ஷ்ரெட்டர் என்ற வேறொரு மென்பொருள். அது அந்தத் தகுதிப் போட்டியில் ஆடவே இல்லை.

போட்டி என்னவோ அருமையான போட்டி. ஜூனியர் முதல் 5 ஆட்டத்தையும் ஜெயித்தது. ஃப்ரிட்ஸ் துரத்தி வந்து 24 ஆட்டத்தில் 12–12 ஆக்கி, கூடுதல் ஆட்டத்தில் வென்றது. ஆனா யார் ஜெயித்தாலும் பஹ்ரைனுக்குப் போகப்போவது ஒரே கடைச் சரக்கு.

11/
மனிதர் பக்கம் மட்டும் சுத்தமா? 1998-ல் காஸ்பரோவை எதிர்த்து ஆடும் தகுதிக்காக கிராம்னிக்கும் ஷிரோவும் மோதினாங்க. ஜெயித்தது ஷிரோவ், 5½–3½. அவருக்குப் பேசின உலகப் போட்டி, ஸ்பான்சர் கிடைக்காததால் நடக்கவே இல்லை. 2000-ல் பிரெயின்கேம்ஸ் என்ற நிறுவனம் பணம் போட்டபோது காஸ்பரோவுக்கு எதிரே உட்கார்ந்தது, தகுதிப் போட்டியில் தோற்ற கிராம்னிக். அவர் காஸ்பரோவையே ஜெயித்துக் காட்டினார். திறமையில் சந்தேகமே இல்லை. ஆனா ஷிரோவுக்கு நடந்தது?

பஹ்ரைன் போட்டி ஏற்பாட்டிலும் அதே பிரெயின்கேம்ஸ்தான்.

12/
இன்னொன்று. 2000 டிசம்பரில் டெஹ்ரானில் ஷிரோவைத் தோற்கடித்து ஃபிடே உலக சாம்பியன் ஆனது ஆனந்த். கடாகேஸில் மெஷினைத் தேர்ந்தெடுத்த நேரத்தில், உலக செஸ் கூட்டமைப்பின் சாம்பியன் பட்டம் நம்ம ஊர்க்காரர்கிட்ட இருந்தது. போஸ்டரில் "உலக சாம்பியன்" என்று வேறொருவர்.

இந்த வலி ஆனந்துக்குப் புதுசும் இல்லை. 1997 டிசம்பர் முழுக்க நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் ஒவ்வொருத்தரா ஜெயிச்சு இறுதிக்கு வந்தார். சில நாளிலேயே, 1998 ஜனவரி 2-ல், லோசானில் இறுதிப் போட்டி. எதிரே கார்ப்போவ், ஒரு சுற்றுகூட ஆடாமல் நேரடியாக இறுதிக்கு அமர்த்தப்பட்டவர். 3–3 சமன், பிறகு அதிவேக ஆட்டத்தில் கார்ப்போவ் வென்றார். மொத்தம் 5–3. விதியை எழுதும் பேனா யார் கையில் என்பது, காய் நகர்த்துவதற்கு முன்பே பாதி ஆட்டத்தை முடிச்சிடும்.

13/
பஹ்ரைன் விதிகள் மனிதருக்குச் சாதகமாகவும் இருந்தது. போட்டியில் ஆடப்போகும் மென்பொருளை முன்கூட்டியே வாங்கிப் பயிற்சி செய்ய கிராம்னிக்குக்கு உரிமை. 1997-ல் காஸ்பரோவுக்குக் கிடைக்காதது. அங்கே தராசு ஒரு பக்கம் சாய்ந்தது, இங்கே மறுபக்கம்.

2003 நவம்பர், நியூயார்க். காஸ்பரோவும் எக்ஸ்3டி ஃப்ரிட்ஸும், 2–2. பலகை இல்லை. காஸ்பரோவ் முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கிட்டு, திரையில் மிதக்கும் காய்களைப் பார்த்து, நகர்த்தலை வாயால் சொல்லி ஆடினார். ஏன்? ஸ்பான்சர் விற்றது முப்பரிமாணத் தொழில்நுட்பம். அங்கே செஸ், கண்ணாடிக்கு விளம்பரப் பலகை.

14/
சரி, இப்போ டாக்டர் விஷயத்துக்கு வர்றேன்.

நான் பார்ப்பது கலசப்பாக்கம் பக்கத்து நோயாளிகளை. ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பங்கள் இதில் நிறைய. தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. முதுகுவலி, முழங்கால் வலி, கண் எரிச்சல், நாற்பதைத் தாண்டினா சர்க்கரை.

சர்க்கரை நோய் விழித்திரையை அரிக்கும்போது ஆரம்பத்தில் வலி இருக்காது, பார்வையும் மங்காது. தெரியும்போது பல நேரம் தாமதமாகியிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்த்தா பெரும்பாலான பார்வை இழப்பைத் தடுக்கலாம். ஆனா திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ பஸ் ஏறணும். ஒரு நாள் தறி நின்னா அன்றைய கூலி போச்சு. அதனால போக மாட்டாங்க.

15/
அதனால விழித்திரையைப் படம் எடுத்து, ஏ.ஐ.யே பார்த்துச் சொல்லும் கருவி ஒன்றை விற்க ஒரு கம்பெனிப் பிரதிநிதி வந்தபோது நான் ஆசையாத்தான் கேட்டேன். அவர் கொடுத்த பளபளப்பான தாளில் முதல் வரி: "கண் மருத்துவர்களை விஞ்சிய கருவி."

எனக்கு உடனே இஸ்கியா ஞாபகம் வந்தது. மூணு கேள்வி கேட்டேன். எந்த டாக்டர்கள், யார் தேர்ந்தெடுத்தாங்க? ஒரு படத்துக்கு அவங்களுக்கு எவ்வளவு நேரம்? எந்த நோயாளிகளின் படம், மங்கலான படங்களை என்ன செய்தீங்க?

தம்பி நல்ல பையன். "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் சார்"னு சொன்னார்.

16/
இந்தக் கதையை ஒரு வயசான நெசவாளரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். சர்க்கரை நோயாளி, பல வருஷமா எங்கிட்ட வர்றவர். அவர் சிரிச்சிட்டுச் சொன்னார்:

"புதுத் தறி விக்க வர்றவனும் இப்படித்தான் சார். அவன் பாவுல அவன் தறி நல்லாத்தான் ஓடும். நம்ம பாவுல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க."

நான் மேலே 13 பதிவில் சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொல்லிட்டார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். விற்க வருபவர் வழவழன்னு சீரான நூலை ஏற்றிக் காட்டுவார். நம்ம வீட்டு நூலில் முடிச்சும் இருக்கும், அறுந்து இணைத்த இடமும் இருக்கும்.

17/
மருந்துத் துறையில் இது பழைய வியாதி. புது மருந்தை எதோடு ஒப்பிடுவது? போட்டி மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்து ஒப்பிட்டால் புதுசு ஜெயிக்கும். ஆரோக்கியமான இளைஞர்களாகப் பார்த்துச் சேர்த்தால் பக்கவிளைவு குறைவாத் தெரியும். கம்பெனி பணத்தில் நடக்கும் ஆய்வுகள் கம்பெனிக்குச் சாதகமான முடிவைத் தருவது அதிகம் என்று காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. பெரும்பாலும் தில்லுமுல்லு தேவையே இல்லை. தேர்வு போதும்.

18/
இதற்கு மருத்துவம் கண்டுபிடித்த ஒரு கைமருந்து: ஆட்டம் தொடங்கும் முன்பே விதியை எழுதி ஊரறியப் பதிவு செய்வது. இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் புது மருந்து ஆய்வுகளுக்குப் பதிவு கட்டாயம். யாரைச் சேர்ப்போம், எதோடு ஒப்பிடுவோம், எதை வெற்றி என்போம் என்பதை முன்பே சொல்லணும். பிறகு "பிளிட்ஸில் ஜெயிச்சதை மட்டும் எழுதிக்கலாம்" என்று மாற்றினால் மாட்டிக்குவாங்க.

19/
"அப்போ மெஷின் வெற்றியெல்லாம் டுபாக்கூரா டாக்டர்?" இல்லைங்க. இந்தக் கதையைக் கேளுங்க.

2017 டிசம்பர். கூகுளின் டீப்மைண்ட், ஆல்ஃபாஸீரோ என்ற நிரலை அறிவித்தது. யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ்ஷோடு 100 ஆட்டம். 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை. உடனே எதிர்ப்பு. ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு 1 ஜிபி நினைவகம்தானா? நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று நேரத்தைக் கட்டிப்போட்டது ஏன்? பழைய பதிப்பு எதுக்கு?

20/
ஒரு வருஷம் கழித்து, 2018 டிசம்பரில், சயின்ஸ் இதழில் முழுக் கட்டுரை வந்தது. இந்த முறை 1000 ஆட்டம். ஆளுக்கு 3 மணி நேரம், நகர்த்தலுக்கு 15 வினாடி கூடுதல், ஸ்டாக்ஃபிஷ்ஷுக்குத் தாராளமான நினைவகம். முடிவு: ஆல்ஃபாஸீரோ 155 வெற்றி, 6 தோல்வி, மீதி டிரா.

கவனிங்க. நியாயமா சோதிச்ச பிறகும் ஜெயிச்சது. ஆனா "தோல்வியே இல்லை" என்ற பளபளப்பு போய் 6 தோல்வி வந்தது. அந்த 6-ஐச் சேர்த்துச் சொன்னபோதுதான் எனக்கு அந்த 155 மேல் நம்பிக்கை வந்தது. நல்ல சரக்கு நியாயமான சோதனைக்குப் பயப்பட வேண்டியதில்லை. கேள்வி கேட்டவங்க அதைக் கெடுக்கலை, உறுதிப்படுத்தினாங்க.

21/
விழித்திரை ஏ.ஐ.யும் அப்படித்தான். 2016-ல் கூகுள் குழு ஜாமா இதழில் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. நம்ம அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா படங்களும் அதில் பயன்பட்டன. படம் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பதில் கண் மருத்துவர்களுக்கு இணையாக நின்றது.

அடுத்து அதையே தாய்லாந்தின் சாதாரண கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனாங்க. 2020-ல் வந்த அறிக்கை: செவிலியர்கள் எடுத்த 1838 படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், தரம் போதாதுன்னு மெஷின் ஒதுக்கிடுச்சு. அறையில் போதுமான இருட்டு இல்லை. இணையம் மெதுவா இருந்தது. ஒதுக்கப்பட்ட நோயாளி இன்னொரு நாள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இதைத் தேடி வெளியே சொன்னதும் அதே கூகுள் ஆட்கள்தான். அதுக்கு என் மரியாதை. நெசவாளர் சொன்ன "நம்ம பாவு" இதுதான்.

22/
இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இல்லேன்னா நான் டாக்டர் கட்சி ஆகிடுவேன். ஆனந்த் மணிக்கணக்கில் யோசித்தால் ஜெயித்தார், அவசரத்தில் தோற்றார். நம்ம ஓ.பி. எந்த வகை? வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது நாங்க எல்லாரும் பிளிட்ஸ் ஆட்டக்காரங்க. களைப்பே தெரியாத மெஷின் அங்கே எங்களுக்கு உண்மையிலேயே உதவும்.

நம்ம ஊரில் ஒப்பீடு "மெஷினா, கண் நிபுணரா?" என்பதும் இல்லை. "மெஷினா, பரிசோதனையே இல்லாததா?" என்பதுதான். அதனாலதான் இந்தக் கருவி எனக்கு வேணும். வேணும் என்பதாலேயே ஒழுங்கா சோதிக்கணும்.

23/
பிரதிநிதி மறுபடி வந்தபோது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்:

ஒன்று, கருவியை ஒரு மாசம் இங்கே வையுங்க. வரிசையில் வரும் சர்க்கரை நோயாளிகள் எல்லாருக்கும் படம் எடுக்கணும், பொறுக்கி எடுக்கக் கூடாது.
இரண்டு, அதே ஆட்களை வெளியூர் கண் நிபுணர் ஒருவர் பார்க்கட்டும். மெஷின் என்ன சொன்னதுன்னு அவருக்குத் தெரியக் கூடாது. அவரை நீங்களும் தேர்ந்தெடுக்க வேண்டாம், நானும் வேண்டாம்.
மூணு, மெஷின் ஒதுக்கிய படங்களும் கணக்கில் வரணும்.
நாலு, எத்தனை நோயைத் தவறவிட்டால் தோல்வி என்பதை இன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

24/
நீங்களும் நோயாளியாகவோ, ஏ.ஐ. செய்தி படிப்பவராகவோ இதைக் கேட்கலாம். "மனிதனை மெஷின் ஜெயித்தது" என்று பார்த்தால்: எதிரே உட்கார்ந்தது யார்? அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? நேரம் எவ்வளவு? பணம் போட்டது யார்? தோற்றிருந்தால் நமக்குச் சொல்லியிருப்பாங்களா? மறுபடி ஆடுவாங்களா?

இதுக்கு டாக்டர் பட்டம் வேண்டாம், செஸ்ஸும் தெரிய வேண்டாம்.

25/
கம்பெனியிலிருந்து இன்னும் பதில் வரலை. வந்தா இங்கேயே எழுதுறேன். கருவி ஜெயிச்சா, எத்தனை படத்தில் சறுக்கியதுன்னும் சேர்த்து எழுதுறேன். அப்புறம் சுத்துப்பட்டு டாக்டர்களிடம் வாங்குங்கன்னு முதலில் சொல்றதும் நானாத்தான் இருப்பேன்.

அதுவரைக்கும், சர்க்கரை இருக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு நாள் தறியை நிறுத்திட்டு, கடையைச் சாத்திட்டு, கண் ஆஸ்பத்திரிக்குப் போய் விழித்திரையைக் காட்டிட்டு வந்துடுங்க. பார்வை நல்லாத்தானே இருக்குன்னு இருந்துடாதீங்க.